மீட்டரில் ஓடாத மணிகள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 19 ஆண்டுகளாக மண் தோண்டும் வண்டி ஓட்டுகிறேன்; முதலில் ஜேசிபி, இப்போது ஹிட்டாச்சி. விளையில், அதாவது மேட்டு நிலத்தில், நின்ற பனைகளைச் சாய்த்தது பற்றிய உங்கள் கட்டுரையை என் மகள் கைபேசியில் வாசித்துக் காட்டினாள். "இரக்கமற்ற இரும்புக் கை" என்று எழுதியிருந்தீர்கள். சாய்க்கச் சொன்னவர் வேப்பமரத்து நிழலில் நின்றதை நீங்கள் எழுதவில்லை. வெள்ளத்தில் குளங்கள் உடைந்தபோது இரவு பகலாக மண் போட்டு அடைத்ததும் அதே கைதான். இன்னொன்று, செயின் வண்டி என்று நீங்களே சொல்லிவிட்டு ஜேசிபி என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஹிட்டாச்சி. தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

தவறு என்னுடையதுதான். டயரில் ஓடுவது எந்தக் கம்பெனியின் வண்டியானாலும் நம் பக்கத்தில் ஜேசிபி, செயினில் ஊர்வது எதுவானாலும் ஹிட்டாச்சி. செய்தித்தாள்களுக்கு இரண்டுமே பொக்லைன். ஜேசிபி என்பது 1945-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரெழுத்துகள். பொக்லைன் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். இத்தனை பெயர்களையும் நம் வீட்டுச் சொற்களாக ஆக்கிக்கொண்ட நாம், வேலை நாளன்று காலையில் "வண்டி வந்துவிட்டதா" என்றுதான் கேட்கிறோமே தவிர, ஆள் வந்துவிட்டாரா என்று கேட்பதில்லை. என் கட்டுரையும் அப்படித்தான் கேட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு என் தங்கை வீட்டுக்கு வானம் தோண்ட, அதாவது அஸ்திவாரக் குழி எடுக்க, ஜேசிபியோடு வந்த ஒருவரை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலை ஆறரைக்கே வந்துவிட்ட அவர், எஞ்சினைத் தொடாமல், கிரீஸ் கன்னோடு வண்டியைச் சுற்றி வந்து, மூட்டுகளில் இருக்கும் ஒவ்வொரு இரும்புப் பின்னிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்து, அதை விரலால் வழித்து நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். அழுத்தத்தோடு ஆயில் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்பதை அட்டைத் துண்டு ஒன்றை அருகில் நீட்டிப் பார்த்தார். கையால் தடவிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். ஊசித் துளை வழியாக அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்றும், வெளியில் ஒரு புள்ளிதான் தெரியும் என்றும், இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்றும் சொன்னார். இந்த வேலையெல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பிறகு ஜாக்கிகளை ஊன்றி, இருக்கையைப் பின்பக்கம் திருப்பித் தோண்டத் தொடங்கினார். பதினோரு மணி வாக்கில், பக்கெட் பள்ளத்துக்குள் இருந்தபடியே வண்டியின் கை சட்டென்று நின்றது. "பல்லுல வேற என்னமோ தட்டுது" என்று சொல்லி எஞ்சினை அணைத்துவிட்டு, மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினார். மூன்றடி ஆழத்தில், தெருவில் யாருக்கும் நினைவில்லாத ஒரு பழைய சிமெண்டுக் குழாய் கிடந்தது. அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லுக்கும் குழாய்க்கும் உள்ள வேறுபாட்டை, இரும்புப் பல், பூம், ஆயில், லீவர் என்று இத்தனை கடந்து வந்தும் அவருடைய உள்ளங்கை அறிந்திருந்தது. சுற்றிலும் மண்ணைக் கையால் விலக்கிக் குழாயை வெளியே காட்ட இருபது நிமிடம் ஆயிற்று. எஞ்சின் அணைந்திருந்ததால், அது ஓடும் நேரத்தைக் கணக்கிடும் மணி மீட்டரும் அந்த இருபது நிமிடம் ஓடவில்லை. மாலையில் கணக்குப் பார்த்தபோது மீட்டரில் இருந்த மணிக்குத்தான் பணம் கொடுத்தோம். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என்னை உறுத்துவது அதுதான். வண்டிக்கு இத்தனை மணிக்கு ஆயில், இத்தனை மணிக்கு ஃபில்டர் என்று கணக்கு இருக்கிறது; புதிய வண்டிகளில் எஞ்சின் எங்கே, எப்போது ஓடுகிறது என்பது முதலாளியின் கைபேசியிலேயே தெரிகிறது. பேட்டாவும் பெரும்பாலும் அந்த மீட்டரைப் பார்த்துத்தான். ஆனால் கிரீஸ் அடித்த நேரம், டிப்பர் வரும்வரை வெயிலில் காத்திருந்த நேரம், டீசல் திருட்டுக்குப் பயந்து கேபினிலேயே முடங்கிப் படுத்த இரவு, பாறையை உடைக்கும் பிரேக்கரை வண்டியில் மாட்டி ஓட்டிய நாளுக்கு மறுநாள் காலையில் இடுப்பு நிமிர மறுக்கும் நேரம் ஆகியவை எந்த மீட்டரிலும் ஓடுவதில்லை. நாள் முழுதும் உட்கார்ந்தபடி அதிர்வைத் தாங்கும் முதுகுக்கு வலி வரும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. ஆனாலும், வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலாளி கூடவே போகிறார். ஆப்பரேட்டர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று ஆள் தேடுகிறார்.

2022 மே 14 அன்று நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கி, நால்வர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது இரவில் நடந்தது. அந்த நேரத்தில் அத்தனை ஆழத்தில் ஏன் வேலை நடந்தது என்று அன்று எல்லோரும் கேட்டோம். மீட்டர் ஓடினால்தான் காசு என்றிருக்கும் தொழிலில் இரவு என்று ஒன்று தனியாக இருப்பதில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதன்பின் உடைந்த கரைகளில், ஊறிப்போன மண்மேல், எந்தப் பக்கம் சரியும் என்று தெரியாமல் வண்டியை ஏற்றி நிறுத்தியவர்களைப் பற்றி நானும் ஒரு வரி எழுதவில்லை.

பனை விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுதாக உடன்பட முடியவில்லை. பனையை வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அனுமதித் தாள் எங்கே என்று ஆப்பரேட்டர் கேட்டால் அடுத்த நாள் வேறு வண்டி வரும். கேட்காமல் செய்து, பின்னால் வழக்கு என்று வந்தாலோ, முதலில் காவல் நிலையத்துக்குப் போவது வண்டியும் அதை ஓட்டியவரும்தான், நிழலில் நின்றவர் அல்லர். இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், குழாயைப் பல்லால் அறியும் கைக்கு, பனையைச் சாய்க்கும்போது ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னால் அது அந்தக் கையைக் குறைத்து மதிப்பதாகும். நீங்களும் அப்படிச் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுரையில் ஜேசிபி என்பதை ஹிட்டாச்சி என்று திருத்திவிட்டேன். "இரக்கமற்ற" என்ற சொல்லை எடுத்துவிட்டு, நிழலில் நின்றவரைச் சேர்த்திருக்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: வருகிற மாதம் முழுதும், மீட்டர் காட்டும் மணியை ஒரு பக்கமும், நீங்கள் எழுந்தது முதல் படுத்தது வரையிலான மணியை மறுபக்கமுமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மகளிடம் சொல்லி அதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். உங்கள் பெயரும் முதலாளியின் பெயரும் இல்லாமல் இங்கே அப்படியே வெளியிடுகிறேன்.