தம்பியின் பெயரைச் சொல்லிப் பேசலாமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்டான், பங்காளிகளிடம் மாரடைப்பு என்றே சொல்லிவிட்டோம். இப்போது ஊர் இளைஞர்களிடம் மனநலம் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆத்தா வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் வீட்டுக்குள் ஆத்தாவுடன் அமர்ந்து தம்பியைப் பற்றிப் பேசுங்கள், மூன்று ஆண்டுகளாக மாரடைப்பு என்று சொல்லிச் சொல்லி, அவர் அழவேண்டிய அழுகை இன்னும் மிச்சமிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது உண்மையைச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதுவரை தம்பியின் பெயரைக் குறிப்பிடாமலும் பேசலாம்.

இறந்த விதத்தை ஒருபோதும் விவரிக்காதீர்கள். கடன், தேர்வு என ஒற்றைக் காரணமும் கூறாதீர்கள், ஏனெனில் கேட்பவர்களுள் அதே வேதனையில் ஒருவர் இருக்கக்கூடும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது என்பதையும், சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவருவதையும், அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம் என்பதையும் சொல்லுங்கள். பேசிவிட்டு வந்த இரவில் உறக்கம் வராவிட்டால், தாங்களும் தயங்காமல் அதே எண்ணை அழையுங்கள்.