எதிர்வீட்டுக்காரருக்கு நெகட்டிவ், அப்பாவுக்கு ஏன் இன்னும் பாசிட்டிவ்?

நெஞ்சக நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த மருத்துவன் நான். நுரையீரல் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவும் எதிர்வீட்டு அண்ணனும் ஒரே வாரத்தில் மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு மாதம் முடிந்ததும் அண்ணனுக்குச் சளி நெகட்டிவ். அப்பாவுக்கு இன்னும் பாசிட்டிவ். ஒரே மாத்திரைதானே ஐயா, ஏன் இப்படி?

பதில்: மாத்திரை ஒன்றுதான். நோய் எந்த அளவில் இருந்தபோது தொடங்கினார்கள் என்பதுதான் வேறு. அப்பாவின் முதல் சளி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 1+, 3+ என்று ஏதாவது எழுதியிருக்கும். சாயமேற்றிய கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். சிலருக்கு நூறு இடங்களை நகர்த்தி நகர்த்தித் தேடினாலும் ஐந்தாறுதான் கிடைக்கும். சிலருக்குப் பார்க்கும் இடமெல்லாம் பத்துக்கு மேல் கிடக்கும். அதுதான் 3+. அவ்வளவு கூட்டம் குறைய நாளாகும்.

அடுத்து எக்ஸ்-ரே. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மேல் நுரையீரலில் வெள்ளைச் சுவர் கட்டிய கறுப்பு வட்டம் தெரிகிறதா? அது நோய் அரித்த குழி. உள்ளே காற்று தாராளம், ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி கோடிக்கணக்கில் பெருகும். ரத்தத்தில் வரும் மருந்தோ அங்கே குறைவாகத்தான் போய்ச் சேரும். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனையில், குழியும் இருந்து இரண்டாம் மாத முடிவில் கல்ச்சரும் (சளியில் உயிரோடிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பாசிட்டிவாக இருந்தவர்களில் சுமார் 21 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. இரண்டும் இல்லாதவர்களில் சுமார் 2 சதவீதம்தான். அதனால் அங்கே முதல் வகையினருக்குச் சிகிச்சையை 9 மாதமாக நீட்டச் சொல்கிறார்கள்.

சாதாரணச் சளிப் பரிசோதனையில் செத்த கிருமியும் சிவப்பாகத்தான் தெரியும். ஆகவே இரண்டாம் மாத பாசிட்டிவை வைத்து மட்டும் மருந்து தோற்றது என்று சொல்லிவிட முடியாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்ற பரிசோதனைக்குச் சளியை அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் விடாதீர்கள்.

கேள்வி: மூன்றே வாரத்தில் இருமலும் காய்ச்சலும் நின்றுவிட்டன. மருந்தைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நம் குடலில் உள்ள சில பாக்டீரியாக்களுக்கு 20 நிமிடம் போதும். சுறுசுறுப்பாகப் பெருகும் கூட்டத்தை, மாத்திரையில் உள்ள மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் முதல் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடுகிறது. உங்களுக்குக் காய்ச்சல் விட்டது அதனால்தான். மந்தமாகக் கிடக்கும் மிச்சக் கிருமிகளை அழிப்பது கூடவே உள்ள ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற மருந்துகள். அதற்குத்தான் ஆறு மாதம். நடுவில் விட்டவர்கள் திரும்பி வரும்போது நிலைமை பெரும்பாலும் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. காசநோய் மாத்திரை தொடங்கியதிலிருந்து சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. அதையும் இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும், ஆனால் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். போதாதற்கு, நோய்த்தொற்றே சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். சளி நெகட்டிவ் ஆவது தள்ளிப்போகும், நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும். சில மாதங்களுக்கு இன்சுலின் என்று மருத்துவர் சொன்னால் அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள். 'ஊசி ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது' என்ற பயம்தான் பல வீடுகளில் குறுக்கே நிற்கிறது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு சர்க்கரை இறங்கும்; அப்போது மறுபடி அளவைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: சிகரெட்?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்குச் சளி சுத்தமாவது தாமதமாகிறது. மது இன்னும் மோசம்: கல்லீரலையும் கெடுக்கும், மாத்திரையையும் மறக்க வைக்கும்.

கேள்வி: தினமும் ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமா? எங்களுக்கு அவ்வளவு வசதியில்லை.

பதில்: இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு பழைய பதில் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், நல்ல சாப்பாடும் ஓய்வும். மறு பாதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அதே மருந்தை எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். உலகம் முழுவதும் சானடோரியங்களுக்கு மவுசு போனதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே சூப்பு வாங்க முடியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

ஆனால் எலும்பும் தோலுமாக இருப்பவர் கதை வேறு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உள்ளவருக்கு அது இரண்டே கிலோ. அரிசிச் சோற்றோடு பருப்பு, வேர்க்கடலை, முட்டை போதும். அரசு மாதம் 500 ரூபாயாகக் கொடுத்து வந்த ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது; வங்கிக் கணக்கைப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரைகளின் எண்ணிக்கையே எடையைப் பொறுத்ததுதான்: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு.

கேள்வி: வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது. இட்லிக்குப் பிறகு போடலாமா?

பதில்: வெறும் வயிற்றில் ரிஃபாம்பிசின் நன்றாக உறிஞ்சப்படும். முடியவே இல்லையென்றால் கொஞ்சமாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வாந்தி எடுப்பதையும் நாள் தவறுவதையும்விட அது மேல். வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் போன்றவை குடித்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் சாயம் அது.

கேள்வி: நான்காம் மாதம் வெளியே காசு கொடுத்து சிபிநாட் எடுத்தேன். 'கிருமி உள்ளது' என்று வந்துவிட்டது. தூக்கமே இல்லை.

பதில்: தூங்குங்கள். அந்தப் பரிசோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. செத்த கிருமியின் மரபணுவும் அதில் மாட்டும். நோயைக் கண்டுபிடிக்க அருமையான கருவி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவாது. அதற்குச் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதும் கல்ச்சரும்தான்.

கேள்வி: ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் தம்பி தேறவில்லை. எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள். பிடிமானமில்லாமல் நிற்க முடியாதது, மூச்சு வாங்குவது, கால் வீக்கம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இப்படிப்பட்டவர்களை முதலிலேயே பிரித்தெடுத்து உள்நோயாளியாகச் சேர்ப்பதற்காகவே வந்தது. அங்கே மருந்து எதிர்ப்பு, எச்.ஐ.வி., சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஐசோனியசிட்டுக்கு மட்டும் எதிர்ப்பு இருந்து அது கண்ணில் படாமல் போவதும் உண்டு.

கேள்வி: ஆறு மாதம் முடித்து, சளியும் நெகட்டிவ். எக்ஸ்-ரேயில் மட்டும் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் தழும்பு. பலருக்கு அது கடைசிவரை அப்படியே இருக்கும். அந்த எக்ஸ்-ரேயைத் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் வேறு எதற்காவது நெஞ்சை எக்ஸ்-ரே எடுத்தால், இது பழையது என்று காட்ட அது ஒன்றுதான் சாட்சி.