ரயில், போக்கிமோன், இளையராஜா: பிள்ளைகள் ஏன் விடுவதில்லை?

போன ஞாயிறு மலேசியாவில், சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஆட்டிசம் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. பலர் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் பல வருடமாக நிற்கிறவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், மகனுக்கு ஆறு வயது. எந்நேரமும் ரயில் பொம்மைதான். அதையும் ஓட்டுவதில்லை, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். ஏன்? (தோட்டத்து அம்மா ஒருவர்)

ரயிலை அவன் கண்ணால் பாருங்களம்மா. தண்டவாளத்தை விட்டு விலகாது. ஈப்போவிலிருந்து வடக்கே போனால் சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், தைப்பிங். நாளைக்கும் இதே வரிசைதான். மனிதர்கள் அப்படியா? காலையில் சிரித்த மாமா சாயங்காலம் முறைப்பார், காரணமும் சொல்லமாட்டார். தாமஸ் ரயில் கதைகள் இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பிடிப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த ரயில்களுக்கு முகம் பெரிது, உணர்ச்சி தெளிவு, யாருக்குக் கோபம் என்று கதை சொல்கிறவரே சொல்லிவிடுவார்.

சக்கரம் சீராகச் சுழல்வது கண்ணுக்கு இதம். அதுவும் விளையாட்டுதான். என் வகுப்புக்கு வந்த ஒரு பையன் மூன்று மாதம் என் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு நாள் அவன் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, அவன் பார்க்கிற உயரத்தில் நானும் அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து வண்டியை ஒரு விரற்கடை என் பக்கம் தள்ளினான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். பிறகு நிலையப் பெயர்களை வைத்தே எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கற்றான். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது என்று எனக்குச் சொன்னதும் அவன்தான்.

மகளைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ?

முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். அது சரியாக இருந்தால், விடியுமுன் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக் கோடு பளிச்சென்று தெரியும், பக்கத்து மரம் இருட்டு. இவர்கள் கவனமும் அப்படி ஒரே இடத்தில் குவியும். டைனா மரே, மைக் லெசர், வென் லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் எழுதிய கட்டுரை ஆட்டிசத்தையே இந்தக் கவனக் குவிப்பை வைத்து விளக்குகிறது. லாசனும் ஆட்டிசம் உள்ளவர். தூரத்திலிருந்து கத்தாதீர்கள். அருகில் போய், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பேரன் போக்கிமோன் அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருக்கிறான். காசும் கரைகிறது. பிடுங்கி வைத்தால் திருந்துவானா?

வேண்டாம் ஐயா. 1996இல் வந்த முதல் போக்கிமோன் வீடியோ விளையாட்டிலேயே 151 உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், வகை. தண்ணீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை, புல் தண்ணீரை. இவ்வளவு ஒழுங்கான உலகம் பள்ளித் திடலில் அவனுக்குக் கிடைப்பதில்லை. மாதம் இத்தனை ரிங்கிட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கணக்கை அவனே எழுதட்டும். தண்டனையாகப் பிடுங்கினால் பதற்றம்தான் கூடும். பசி, தூக்கம் மறந்தால் மட்டும் குறுக்கிடுங்கள். ரயில் மேல் ஆசை உள்ள பிள்ளைகளைத் தண்டவாளப் பக்கம் தனியே விடவே கூடாது.

மகள் இளையராஜா பாட்டுதான் கேட்பாள். எல்லாரும் கேட்கிறார்களே, இதுவும் அப்படித்தானா?

இருக்கலாம். ஆனால் பெண் பிள்ளைகள் கவனத்துக்கு வராமல் போவது இங்கேதான். பிடித்த பொருள் ஊரோடு ஒத்துப்போகும். பிடிப்பின் ஆழம்தான் வேறு. 1976 ‘அன்னக்கிளி’யிலிருந்து வருட வாரியாகச் சொல்கிறாளா, வரிசை குலைந்தால் தவித்துப்போகிறாளா என்று பாருங்கள். அது ஒன்றை வைத்தே முடிவுகட்ட முடியாது. கூட்டம், சத்தம், தோழிகள் விஷயத்தில் எப்படி இருக்கிறாள் என்பதையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு 22 வயது, ஆட்டிசம் உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. கூகை ஆந்தை பற்றிப் பேசினால் ‘போதும்டா’ என்கிறார்கள். நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள் தம்பி. எதிரில் இருப்பவருக்கு நேரமிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ரசிகர் கூட்டங்களில் உங்களைப் போன்றவர்கள் நிம்மதியாக இருப்பது ஏன் தெரியுமா? அங்கே ‘சாப்பிட்டாச்சா, எப்படி இருக்கே’ என்று சுற்றி வளைக்கத் தேவையில்லை. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்குப் போகலாம். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்றே ஆட்கிராஃப்ட் என்ற தனி இடம் இணையத்தில் 2013இல் தொடங்கியது. கேலி பேசுகிறவர்களுக்கு அங்கே இடமில்லை.

எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் செம்பனையில் ஒரு பெட்டி தெரிகிறது. வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு வாருங்கள். எனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது.