திருஷ்டிப் பொட்டும் ஸ்டேட்டஸும்

கேள்வி: மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. பிறந்த அன்றே படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், ஸ்டேட்டஸும் வைத்தேன். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று மகள் கோபித்துக்கொண்டாள். பாட்டிக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா? பேத்தி ஆளாகும் காலத்தில் செல்போன் இன்னும் என்னென்ன செய்யுமோ?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டியானதற்கு வாழ்த்துகள் அம்மா!

உங்களுக்கு முன்பே ஒரு அப்பா இதே வேலையைச் செய்திருக்கிறார். 1997 ஜூன் 11, கலிபோர்னியாவில் சான்டா குரூஸ். மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்த பிலிப் கான் என்பவர் டிஜிட்டல் கேமரா, மடிக்கணினி, செல்போன் மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து, பிறந்த மகளின் படத்தை 2,000 பேருக்கு மேல் அனுப்பிவிட்டார். செல்போன் வழியே உடனுக்குடன் பகிரப்பட்ட முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கேமரா போனின் கதையே ஒரு பச்சைக்குழந்தையில்தான் தொடங்குகிறது. உங்கள் கை துறுதுறுத்ததில் தப்பே இல்லை.

இருந்தாலும் நான் உங்கள் மகள் கட்சி.

அந்தக் காலத்து அஞ்சலட்டையில் "தாயும் சேயும் நலம்" என்ற சேதி மட்டும்தான் போகும். முகம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வர வேண்டும். இப்போது சேதியோடு முகமும் போய்விடுகிறது. ஸ்டேட்டஸை உங்கள் தையல்காரர்கூடப் பார்த்திருப்பார். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த கையாலேயே ஊருக்குக் காட்டினால் எப்படி? குழந்தையின் கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருந்ததா என்றும் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கினால் தாயின் பெயரையும் தேதியையும் யாரும் படித்துவிடலாம்.

செல்போனின் எதிர்காலத்துக்கு ஜோசியம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. 1973இல் மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் நியூயார்க் தெருவில் நின்று பேசிய முதல் கைபேசி ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதைப் பார்த்தவர் யாராவது ஸ்டேட்டஸை நினைத்திருப்பாரா? கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி இப்போதே விற்கிறது. பேத்தி காலத்தில் கையில் பிடிக்கும் போனே இல்லாமல் போகலாம். ஆனால் படங்கள் இருக்கும். கூகுள் போட்டோஸ் இன்றைக்கே கைக்குழந்தை முகத்தையும் வளர்ந்த முகத்தையும் ஒரே ஆள் என்று சேர்த்து அடுக்குகிறது. அந்த அடுக்கில் எது இருக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சார்பில் இப்போதைக்குக் கேட்பது அவள் அம்மாதான்.

சரி, என்ன செய்யலாம்? 12 நாள் ஆகிவிட்டதால், குழுவில் நீங்கள் அழித்தாலும் மற்றவர்கள் போனிலிருந்து படம் போகாது. "மகள் விரும்பவில்லை, அழித்துவிடுங்கள்" என்று குழுவில் ஒரு வரி எழுதுங்கள். எழுதியதை மகளிடமும் சொல்லுங்கள். அவளாகவே ஒரு படம் தருவாள், பாருங்கள். பிஞ்சுப் பாதமாக இருந்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சேதி சொல்லும் உரிமை உங்களுடையதுதான். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியம்மா, அத்தை என்று குழுவில் இல்லாதவர்கள் இருப்பார்களே, அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.