வேலைநாள் இரவில் மீன் சமைப்பது எப்படி?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மீன் பக்கமே போவதில்லை. செய்தாலும் குழம்பில் மீன் உடைகிறது, வறுத்தால் கல்லில் ஒட்டுகிறது. ஏழு வயது மகன் முள்ளுக்குப் பயந்து தட்டைத் தள்ளிவிடுகிறான். வாரத்தில் இரண்டு இரவாவது சுலபமாக மீன் செய்ய வழி உண்டா? – ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாக உண்டு. ஆட்டுக்கறி, கோழி இரண்டையும்விட மீன் சீக்கிரம் வேகும். கறியில் சதையைப் பிணைத்திருக்கும் சவ்வு கெட்டியானது, அது இளக நேரம் பிடிக்கும். மீனில் அந்தச் சவ்வு மிகக் குறைவு. விரல் தடிமன் துண்டு கொதிக்கிற குழம்பில் ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். நம் நேரமெல்லாம் போவது மீனைச் சுத்தம் செய்வதிலும் குழம்பு கூட்டுவதிலும்தான். அந்த இரண்டையும் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுங்கள்.

உக்கடம் மார்க்கெட்டில் வாங்கினாலும் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், கோவைக்குக் கடல்மீன் ஐஸில்தான் வந்து சேர்கிறது. அதனால் ஐஸுக்கு அடியில் இருக்கும் மீனையே கேட்டு வாங்குங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் சதை மேலெழும்பி வர வேண்டும். மத்தி, அயிலை, சூரை மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. இவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும், அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வருவது இதனால்தான். காய்கறி, மளிகையெல்லாம் முடித்துவிட்டு மீனைக் கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள்.

வந்ததும் கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவி, கடைசி அலசலுக்குக் கொஞ்சம் புளித்தண்ணீர் விடுங்கள். கவுச்சி வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை அடக்கிவிடும். தண்ணீரை நன்றாக வடித்து, ஓர் இரவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து ஃப்ரீஸரில் வையுங்கள். வறுவலுக்கான துண்டுகளை மசாலா தடவியே வைக்கலாம், எலுமிச்சை மட்டும் வேண்டாம். சமைக்கிற நாள் காலையில் டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். வெளியே மேடையில் வைத்து விட்டுப்போகக் கூடாது. ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

குழம்புக்கு வருவோம். அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இரண்டு தக்காளி. நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து இவற்றை வதக்கி, இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், அதைவிடச் சற்று அதிகமாக மல்லித்தூள், மஞ்சள், உப்பு சேர்த்துப் புளிக்கரைசலை விடுங்கள். பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கட்டும். இங்கே அவசரப்பட்டால்தான் மீன் உடையும். குழம்பு பாதி வேக்காட்டில் இருக்கும்போதே மீனைப் போட்டுவிட்டு, பச்சை வாசனை போகட்டும் என்று இன்னும் கால் மணி நேரம் கொதிக்க விடுகிறோம், மீன் என்ன செய்யும்? எண்ணெய் பிரிந்த குழம்பை ஆறவைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும்.

புதன்கிழமை இரவு சாதத்துக்கு அரிசி வைத்த கையோடு குழம்பைச் சூடாக்குங்கள். தளதளவென்று கொதி வந்ததும் மீனைப் பரவலாக விட்டு, தீயைக் குறைத்து மூடுங்கள். அதன் பிறகு கரண்டியே போடாதீர்கள். சட்டியின் இரு பக்கமும் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும். மண்சட்டி என்றால் ஒரு நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடலாம், சட்டியின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். மத்திக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

வறுவல் கல்லில் ஒட்டுவதற்குக் காரணம் ஈரமும் அவசரமும். மசாலாவில் தண்ணீர் விடாமல், எடுக்கும் நேரத்தில் எலுமிச்சைச் சாறு மட்டும் பிழிந்து, ஒரு டீஸ்பூன் அரிசிமாவு தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, கறிவேப்பிலையைப் பரப்பி அதன்மேல் மீனை வையுங்கள். மூன்று, நான்கு நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானால் மீன் தானாகவே கல்லை விட்டுவிடும். தோசைத்திருப்பியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், நகரவில்லை என்றால் இன்னும் நேரமாகவில்லை.

இனி உங்கள் மகன். முள்ளுக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு மத்தியைக் கொடுத்துப் பழக்க முடியாது. பாறை, கொடுவா, வஞ்சிரம் போன்றவற்றில் நடுமுள் பெரிதாக, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். ஆழியாறு, பவானிசாகர் அணை மீன் வாங்கினால் ஜிலேபி எடுங்கள். கட்லா, ரோகு வேண்டாம். அவற்றின் சதைக்குள் கவை போன்ற நுண்முட்கள் இருக்கும், பெரியவர்களுக்கே சிரமம்.

அவனுக்காக மீன் புட்டு செய்யுங்கள், அதுதான் என் முதல் சிபாரிசு. சுறாவில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் சுறாவைச் சொல்வதில்லை. பாறைத் துண்டுகளை மஞ்சள், உப்புத் தடவி இட்லித்தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். ஆறியதும் தோலை உரித்து, சதையை விரலால் நசுக்கி நசுக்கி உதிருங்கள். கண்ணைவிட விரல்நுனிக்குத்தான் முள் சீக்கிரம் தட்டுப்படும், அதனால் இதற்குக் கரண்டியோ மிக்ஸியோ வேண்டாம். பிறகு பூண்டும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் நிறைய வதக்கி, மீனைப் போட்டு, மிளகுத்தூள் சேர்த்து ஈரம் வற்றும் வரை பிரட்டி, தேங்காய்த்துருவல் தூவி இறக்குங்கள். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளவும் சப்பாத்தியில் சுருட்டவும் நன்றாக இருக்கும். உதிர்க்கும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து முள் தேடச் சொல்லுங்கள். தன் விரலால் தேடி எடுத்த பிள்ளைக்குப் பயம் சீக்கிரம் விடும்.

சில இரவுகளில் இறால் போதும். குடல் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து வைத்திருந்தால், வதங்கிய வெங்காயம், தக்காளி மசாலாவில் மூன்று நிமிடம்தான். நிறம் மாறிச் சுருண்டதும் அணைத்துவிடுங்கள். கணவாய் வேறு மாதிரி. பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம், இல்லையென்றால் மூடி வைத்து அரை மணிக்கு மேல். இடையில் நிறுத்தினால் மெல்ல முடியாது, வேலைநாளில் இரண்டு நிமிட வழியே நல்லது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது வஞ்சிரத்தின் பின்னால் போகாதீர்கள். கேரளக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும், ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கத்து மீன் கிடைக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஜூன் பிறந்ததும் அணை ஜிலேபிக்கு மாறிவிடுங்கள், மேலே சொன்ன புட்டு அதிலும் நன்றாக வரும்.