பார்சிலோனாவின் கட்டடங்களைக் குரோஷே போர்வையில் கொண்டுவருவது எப்படி?

பார்சிலோனாவின் புகழ்பெற்ற தேவாலயமான சக்ராடா ஃபமீலியாவின் கோபுரங்களைக் கட்டத்தாளில் வரைந்து, மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் முறையில் போர்வையாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

அந்த முறையில் நடுத்தரக் கனமுள்ள நூலில் ஒரு கட்டமே ஏறக்குறைய 2 செ.மீ. வந்துவிடும். 120 செ.மீ. அகலத்துக்கு 60 கட்டங்கள்தான். அதற்குள் கூர்மையான கோபுரத்தை அடக்கினால் படிக்கட்டு மாதிரி தெரியும். போதாக்குறைக்கு, போர்வை பாதி நேரம் மடிந்து கிடக்கும். திரும்பத் திரும்ப வரும் வடிவம் என்றால் எப்படி மடித்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

பார்சிலோனாவில் அப்படி ஒரு வடிவம் தயாராகவே இருக்கிறது: பழைய நகருக்கு வெளியே திட்டமிட்டு விரிவாக்கிய எஷாம்ப்ளா பகுதி. அதை வகுத்த பொறியாளர் இல்டெஃபொன்ஸ் செர்தாவின் திட்டத்துக்கு 1859-இல் ஒப்புதல் கிடைத்தது. ஒவ்வொரு மனைத்தொகுதியும் சுமார் 113 மீட்டர் சதுரம், பெரும்பாலான தெருக்கள் 20 மீட்டர் அகலம். வண்டிகள் எளிதாகத் திரும்புவதற்காக எல்லா மூலைகளும் சீவப்பட்டிருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், கிரானி சதுரங்களை (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் குரோஷே சதுரங்கள்) பரப்பி வைத்தது போலவே இருக்கும்.

ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி 11.3 செ.மீ., தெரு 2 செ.மீ., இரண்டும் சேர்ந்து 13.3. அகலத்தில் 9, நீளத்தில் 12 வைத்தால் ஏறக்குறைய 120-க்கு 160 செ.மீ. போர்வை, மொத்தம் 108 தொகுதிகள். இந்தக் கணக்கு இவ்வளவு சரியாகப் பொருந்துவது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அடுத்தது மூலை. இங்கே டபுள் என்று நான் சொல்வது டபுள் குரோஷே கண்ணியை, அமெரிக்க வழக்கில். தொகுதியின் கடைசி வண்ணச் சுற்றில், மூலைக்கு வழக்கமான 3 டபுள், 2 சங்கிலி, 3 டபுள் போடாமல், வெறும் 3 டபுள் மட்டும் போடுங்கள், முனை மழுங்கிவிடும். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சுற்று. அந்த மூன்றில் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் இரண்டிரண்டு டபுள். ஓரம் குழிந்தால் மூன்றாக்குங்கள். இந்தச் சாம்பல் சுற்று 1 செ.மீ. வந்தால் போதும், பக்கத்துத் தொகுதியின் 1 செ.மீ.யோடு சேர்ந்து தெரு ஆகிவிடும். ஆனால் நூலுக்கு நூல், கைக்குக் கை அளவு மாறும். முதலில் நான்கு தொகுதிகளைப் பின்னி, நனைத்து, ஊசி குத்திக் காயவைத்து அளந்து பார்த்த பிறகே மீதிக்கு நூல் வாங்குங்கள்.

இணைக்கும்போது நேர்ப்பக்கங்களை மட்டும் தைத்தால், நான்கு தொகுதிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சாய்சதுர ஓட்டை விழும். அதுதான் நாற்சந்தி. அதையும் சாம்பலில் சின்னச் சதுரம் பின்னி அடைத்துவிடுங்கள்.

நிறத்தில்தான் உண்மையான வேலை. செர்தா தொகுதியின் இரண்டு பக்கங்களில் மட்டும் கட்டடம், நடுவே தோட்டம் என்று நினைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் நாலு பக்கமும் கட்டி, நடுவையும் பெரும்பாலும் நிரப்பிவிட்டார்கள். அதனால் சில தொகுதிகளுக்கு மட்டும் நடுவில் பச்சை கொடுத்து, மற்றதெல்லாம் செங்கல், மணல், ஓட்டு நிறங்களில் விடுவேன். எல்லாவற்றுக்கும் பச்சை போட்டால் செர்தாவின் கனவு, அதுவும் அழகுதான்.

எஷாம்ப்ளாவின் பெரிய சாலையான பசேஜ் தெ கிராசியாவின் நடைபாதையில் கட்டடக்கலைஞர் கௌடியின் அறுகோண ஓடுகள் இருக்கின்றன. ஏழு ஓடுகள் சேர்ந்தால்தான் முழு வடிவம் கிடைக்கும். ஒரே நிறத்தில் புடைப்புக் கண்ணிகள் போட்டு அருமையாகச் செய்யலாம், ஆனால் தனி மெத்தை உறையாக. மூலை மழுங்கி எண்கோணமாகிவிட்ட நம் தொகுதிகளோடு கலந்தால் இரண்டும் கெடும்.

இந்தத் தெருக்கட்டத்தைச் சாய்வாக வெட்டிச் செல்லும் டையகோனல் சாலையும் வேண்டுமென்றால் தொகுதிகளை வெட்டி முக்கோணமாக்க வேண்டாம். எல்லாம் இணைத்து முடித்த பிறகு, மேற்பரப்பில் ஸ்லிப் தையலால் அடர்நிறத்தில் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். தளர்வாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்வையே அந்தக் கோட்டில் சுருங்கிக்கொள்ளும்.