பழைய வள்ளத்துக்குப் பதில் புதுசு: கேள்வி பதில்

கரையேத்தி இறக்குற ஃபைபர் வள்ளத்துக்கு மட்டும்தான் இந்தப் பதில்கள். விசைப்படகு கணக்கு வேற.

கேள்வி (தரங்கம்பாடி): அண்ணே, சுனாமிக்கு அடுத்த வருஷம் நிவாரணத்துல வந்த 28 அடி வள்ளம். அடியில அங்கங்க கொப்புளம். பட்டி பார்த்து ஓட்டவா, மாத்தவா?

பதில்: கொப்புளத்தைக் கோணூசியால குத்துங்க தம்பி. முகத்தை ஒதுக்கி வெச்சுக்குங்க, உள்ள தண்ணி அழுத்தத்தோட நிக்கும். காடி மாதிரி புளிப்பு வாடை அடிச்சா, ஈரம் ஜெல்கோட்டை (வெளிப்பூச்சு) தாண்டி ரெசினை (நாரை ஒட்டிப் பிடிக்கிற பிசின்) அரிக்குது. அடுத்து அஞ்சு ரூபாய்க் காசால அடி முழுக்கத் தட்டிக்கிட்டே போங்க. 'டங்'குனு கேட்டா இறுக்கமா இருக்கு. 'தொப்'புனு கேட்டா மேட் (கண்ணாடி நார் விரிப்பு) அடுக்கு பிரிஞ்சிருக்கு, அங்க சாக்பீஸால வட்டம் போடுங்க. கடைசியா, இன்ஜின் மாட்டுற பின்பலகையில உள்பக்கமா 5 மி.மீ. துளை ஒண்ணு போடுங்க. தூள் காஞ்சு வெளுப்பா வந்தா பிளைவுட் நல்லா இருக்கு. கறுத்து ஈரமா வந்தா உளுத்துப்போச்சு. துளையை உடனே ரெசின் வெச்சு அடைச்சிடுங்க.

வெறும் கொப்புளம்னா தேய்ச்சு, நல்ல தண்ணியில கழுவி, சில வாரம் காயவெச்சு ரெண்டு மேட் போட்டா ஓடும். வட்டமும் நிறைய விழுந்து பின்பலகையும் போயிருந்தா, அதுல போடுற காசு புது வள்ளத்துக்கு ஆகும்.

கேள்வி (பழவேற்காடு): ரெண்டு பட்டறையில விலை கேட்டேன். ஒரே நீளம், விலையில பெரிய வித்தியாசம். எதை நம்புறது?

பதில்: அடுக்கைக் கேளுங்க. 450 கிராம் மேட் ஒரு அடுக்கு காஞ்சா ஏறக்குறைய 1 மி.மீ. கனம். மணல்ல இழுபடுற அடி 8 மி.மீ.க்குக் குறைஞ்சா நான் வேண்டாம்பேன். ஏரா (அடியில நீளவாக்குல ஓடுற முதுகெலும்பு) அதைவிடக் கனமா இருக்கணும், பக்கம் கொஞ்சம் மெலிசா இருந்தாலும் போதும். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டுக்கு 1.1 கிலோ ரெசின் பிடிக்கும். ரெசின் கூடினா நொறுங்கும், குறைஞ்சா மேட் வெள்ளையாத் தெரியும், தண்ணி குடிக்கும்.

வடிகால் துளை போடும்போது வெட்டி எடுத்த வட்டத்துண்டைக் கேட்டு வாங்குங்க. வெட்டவெளியில எரிச்சுப் பாருங்க (கரும்புகை வரும், புகை போற பக்கம் நிக்காதீங்க). ரெசின் எரிஞ்சுபோய் கண்ணாடி நார் மட்டும் மிஞ்சும். ஆறினதும் ஒவ்வொரு தாளா உரிச்சு அடுக்கை எண்ணிடலாம். நடுவுல வெள்ளைப் பொடி கொட்டுனா, பவுடர் கலந்து கனம் காட்டியிருக்காங்க. விலை குறைஞ்ச ரகசியம் பெரும்பாலும் அதுதான். இந்தத் துண்டைத் தர மறுக்கிற பட்டறையில அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கேள்வி (கடலூர்): ஐப்பசியில மேட் போட்டு கார்த்திகையில தர்றேங்கிறாங்க. மழையில செய்யலாமா?

பதில்: நாலு பக்கமும் மூடின ஷெட்டா இருந்தா சரி. ஓலைப்பந்தல், தார்ப்பாய்னா தை வரைக்கும் பொறுங்க. ஈரம் இழுத்த மேட்டுல ரெசின் சரியாப் பிடிக்காது, முழுசா இறுகாது. இறுகலைன்னு, ரெசினை இறுக வைக்கிற கேடலிஸ்ட்டை அளவுக்கு மேல ஊத்துவாங்க. கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. தான் அளவு. மீறினா சூடேறி விரிசல் விடும். வாங்கும்போது உள்பக்கம் அசிட்டோன் நனைச்ச துணியால தேய்ங்க, பிசுபிசுத்தா இன்னும் வேகலை. மோல்டுல (வள்ளம் வார்க்கிற அச்சு) இருந்து எடுத்து ரெண்டு வாரமாவது கழிச்சுக் கடல்ல இறக்குங்க.

கேள்வி (நாகூர்): 10 எச்.பி. லாங் டெயில் (நீளத் தண்டு இன்ஜின்) இருக்கு. புது வள்ளத்துக்கு 25 எச்.பி. அவுட்போர்டு (பின்பலகையில மாட்டுற இன்ஜின்) போட்டா சீக்கிரம் போய்ச் சேரலாம்ல?

பதில்: காலி வள்ளமா இருந்தா போகலாம். வலை, ஐஸ், மீன் ஏறினா கதை மாறும். தண்ணியில படிஞ்சிருக்கிற நீளத்தோட வர்க்கமூலத்தை 1.34-ஆல பெருக்குங்க: 25 அடி படிஞ்சா 6.7 நாட் (மணிக்கு 6.7 கடல் மைல்). பாரம் ஏத்தின வள்ளம் அந்த வேகத்தை ஒட்டித்தான் ஓடும். அதுக்கு மேல எரிபொருள்தான் ஏறும், வேகம் கொஞ்சம்தான் ஏறும். அவுட்போர்டுதான் வேணும்னா பின்பலகை உயரத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. இன்ஜினோட ஷாஃப்ட் (கீழ இறங்குற தண்டு) 15 அங்குலமா 20 அங்குலமான்னு பட்டறைக்குச் சொல்லணும். புரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டு, அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழ வரணும். மேல நின்னா காத்தை இழுத்துச் சும்மா சுத்தும்.

கேள்வி (பெண் வாசகர், வேளாங்கண்ணி): ஃபைபர் கவிழ்ந்தாலும் மிதக்கும்னு வீட்டுக்காரர் சொல்றார். சரியாண்ணே?

பதில்: இல்லம்மா. கட்டுமரம் மரம், அதனால மிதக்கும். ஃபைபர் தண்ணியைவிட ஒன்றரை மடங்கு கனம். 900 கிலோ வள்ளம் முழுகினா, தண்ணிக்குள்ள ஏறக்குறைய 300 கிலோவா கீழ இழுக்கும். அதோட இன்ஜின் வேற. அணியத்துலயும் (முன்பக்கம்) பின்பக்கமும் பக்கவாட்டுலயும் மொத்தம் அரை கன மீட்டர் ஃபோமாவது அடைச்சு மேட் போட்டு மூடச் சொல்லுங்க. தெர்மாகோல்னா ஒத்துக்காதீங்க, ரெசின் பட்டாலே கரைஞ்சுடும், பெட்ரோல் பட்டாலும் அப்படித்தான். பாலியூரிதேன் ஃபோம்தான் கேக்கணும்.

கேள்வி (அதே வாசகர்): மானியம்?

பதில்: 2020-ல வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல பழைய படகை மாத்த பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி.க்கு 60 சதவீதம்னு அறிவிச்சாங்க. இப்ப ஒதுக்கீடு இருக்கான்னு மீன்வளத்துறை அலுவலகத்துல கேட்டு, அனுமதிக் கடிதம் கைக்கு வந்தப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. உங்க பேர்ல விண்ணப்பிக்க முடியுமான்னும் அங்கேயே கேட்டுடுங்க.

கேள்வி (பூம்புகார்): ஐஸ் பெட்டி எங்க வைக்கிறது?

பதில்: நடுவுல, தரையோட தரையா. சுவர்ல 75 மி.மீ. ஃபோம் இருக்கணும், மூடியிலயும்தான்.